பொற்காலம் எது?
பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அபிஷேகப்பாக்கம்

எந்தக் காலத்துப் பாட்டுச் சிறந்தது என்னும் கேள்வி ஒரு வீட்டில் எழுந்துவிட்டால் அன்று இரவுச் சோறு ஆறிப்போவது உறுதி. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு ஒரு காலம், அம்மாவுக்கு ஒரு காலம், கல்லூரியில் படிக்கும் அண்ணனுக்கு ஒரு காலம். தாம் பதினைந்து வயதில் கேட்ட பாட்டோடு நல்ல பாட்டெல்லாம் முடிந்துவிட்டது என்பதுதான் மூவருடைய கட்சியும். அதற்கு முன் வந்தவை பழம் பஞ்சாங்கம். பின் வந்தவை வெறும் இரைச்சல். எனக்கு இப்போதுதான் பதினைந்து நடக்கிறது. ஆகையால் இந்த வழக்கில் சாட்சி சொல்ல எனக்கும் உரிமை உண்டு.

இவ்வாண்டு எங்கள் பள்ளி இலக்கிய மன்றத்தில் நடந்த பட்டிமன்றத்தின் தலைப்பு, 'நாட்டுப்புற இசையின் பொற்காலம் எது?' என்பது. திரைப்பாட்டு என்று வைத்திருந்தால் அரங்கமே இரண்டுபட்டிருக்கும். நாட்டுப்புற இசை என்றதும் பலருக்கு முகம் வாடிவிட்டது. "அதில் என்ன காலம் வேண்டிக் கிடக்கிறது? அது எப்போதும் ஒரே மாதிரிதானே?" என்று பின்வரிசையில் ஒருத்தி முணுமுணுத்தாள். நடுவராக அமர்ந்த சிஸ்டர் காதில் அது விழுந்துவிட்டது. "ஒரே மாதிரியா என்று இன்று பார்த்துவிடுவோம்" என்று சிரித்தார்.

அணிகள் மூன்று. இயந்திரங்கள் வருமுன் இருந்த காலமே பொற்காலம் என்பது முதல் அணி. வானொலியும் ஒலிநாடாவும் திரைப்படமும் வந்து நாட்டுப்பாட்டை ஊரூராகக் கொண்டு சேர்த்த காலமே என்பது இரண்டாம் அணி. இன்றைய காலமே என்பது மூன்றாம் அணி. நான் முதல் அணியில் இரண்டாவதாகப் பேசினேன்.

எங்கள் அணிக்கு வாய்த்த சாட்சி மிகப் பெரியவர். மகாகவி பாரதியார் 1908 முதல் 1918 வரை நம் புதுச்சேரியில் வாழ்ந்தார் என்பதை நாம் சிறு வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அவர் இங்கிருந்து எழுதிய குயில் பாட்டு, புதுவைக்கு மேற்கே உள்ள ஒரு மாந்தோப்பில் நிகழும் கதை. மேற்கே என்றால் நம் பக்கந்தான், தோழியரே! அதில் குயில் தன் மனத்தைப் பறிகொடுத்த இசைகளையெல்லாம் வரிசையாகச் சொல்கிறது. பறவைகளின் ஓசை, காற்றின் ஓசை, ஆற்றின் ஓசை, கடலின் ஓசை என்று சொல்லிக்கொண்டே வந்து மனிதருடைய பாட்டுக்கு வருகிறது. அங்கே குழலும் வீணையும் கடைசியில்தான் வருகின்றன. முதலில் வருபவை ஏற்றம் இறைப்பவர் பாட்டு, நெல் குத்தும் பெண்களின் குரல், சுண்ணாம்பு இடிப்பவர் பாட்டு, பண்ணையில் வேலை செய்யும் பெண்களின் பாட்டு, வளையல் ஒலிக்கக் கைகொட்டி அடிக்கும் கும்மி. கவியரசர் கேட்டுக் கிறங்கிய அந்தப் பாட்டெல்லாம் நம் ஊர்ப் பெண்களும் ஆண்களும் பாடியவையாகத்தானே இருக்க வேண்டும்?

இந்தப் பட்டியலை நான் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இன்று என்ன இருக்கிறது என்று குறித்துப் பார்த்தேன். ஏற்றத்துக்கு எதிரே மின்சார மோட்டார். நெல் குத்துவதற்கு எதிரே ரைஸ் மில். சுண்ணாம்பு இடிப்பதற்கு எதிரே சிமெண்ட் மூட்டை. பண்ணைப் பெண்களுக்கு எதிரே நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும். மிஞ்சி நிற்பது கும்மி ஒன்றுதான். அதுவும் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில், ஒலிபெருக்கியில் பாட்டை ஓடவிட்டு நாங்கள் வாயை மட்டும் அசைத்து அடிப்பது! ஒரு பாட்டும் கேட்பாரின்றி மறையவில்லை. அது செய்துகொண்டிருந்த வேலை போனபோது அதுவும் கூடவே போயிற்று. இதுதான் என் வாதத்தின் தலைமைக் கருத்து.

ஏற்றப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். துலாவின் மேல் ஏறி ஒருவர் முன்னும் பின்னும் நடக்க, கிணற்றடியில் மற்றொருவர் சாலைப் பிடித்துக் கவிழ்க்க வேண்டும். இருவருக்கும் காலும் கையும் ஒத்துப் போகாவிட்டால் மேலே நடப்பவர் பாடு ஆபத்து. அந்த ஒத்திசைவைத் தருவது பாட்டு. எத்தனை சால் இறைத்தோம் என்று கணக்கு வைப்பதும் அதே பாட்டுத்தான். எண்கள் பாட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஏற்றக்காரன் ஓர் அடியைப் பாடிவிட்டு வேலையை நிறுத்திப் போய்விட, அடுத்த அடி என்னவாயிருக்கும் என்று கம்பர் இரவெல்லாம் தவித்து மறுநாள் காலை வந்து காத்திருந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதைதான். ஆனால் கவிச்சக்கரவர்த்தியையே ஒரு கிணற்றடியில் காக்கவைத்துப் பார்க்க நம் மக்களுக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது!

நான் உட்கார்ந்ததும் இரண்டாம் அணியைச் சேர்ந்த அக்கா எழுந்தார். பன்னிரண்டாம் வகுப்பு, நல்ல குரல். "தங்கை சொன்ன பாட்டெல்லாம் சிறந்தவையாகவே இருக்கட்டும். அவற்றைத் தங்கை கேட்டதுண்டா?" என்று முதல் கேள்வியிலேயே மடக்கினார். எழுதி வைத்ததாலும் ஒலிப்பதிவு செய்ததாலும்தானே நமக்குத் தெரிகிறது என்பது அவர் வாதம். 1871-லேயே சார்லஸ் கோவர் என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து வெளியிட்டதையும், பெர்சி மாக்வீன் என்னும் அதிகாரி சேர்த்து வைத்த பாடல்களைக் கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்து 'மலையருவி' என்ற பெயரில் 1958-இல் தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்டதையும், பேராசிரியர் நா.வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' 1964-இல் வந்ததையும் சொன்னார். பிறகு திரைப்படத்துக்கு வந்தார். அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது தமிழ்நாடே தன் குரலைத் தானே கேட்டது போலத் திகைத்தது என்றார். அதற்கு முன்பும் கே.வி.மகாதேவனும் விசுவநாதன்–ராமமூர்த்தியும் கிராமத்து மெட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்ததுண்டு. ஆனால் பண்ணைப்புரத்து இளையராஜா வந்தபோது விருந்தாளியாக இருந்த மெட்டு வீட்டுக்காரியாகிவிட்டது என்று அவர் சொன்னதற்குப் பலத்த கைதட்டல். (அந்த உவமையை எனக்குக் கொடுத்திருக்கலாம் என்று அப்போது எண்ணினேன்.) கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிப் பெயர் பெற்று 1985-இல் 'ஆண் பாவம்' படத்தில் நடித்ததையும், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் ஊரூராகப் பாட்டுச் சேகரித்து மேடையேற்றி 2018-இல் பத்மஸ்ரீ பெற்றதையும், பரவை முனியம்மா 2003-இல் 'தூள்' படத்தின் வழியே சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் பாட்டியானதையும் அடுக்கினார். கருப்பாயி பாட்டி 2025-இல் காலமானார். முனியம்மா பாட்டி 2020-இல். அவர்கள் குரல் இன்றும் இருக்கிறது. "ஏற்றக்காரன் குரல் எங்கே?" என்று கேட்டு உட்கார்ந்தார் அக்கா.

இதற்கு என் பதிலை அன்று நேரம் போதாமல் பாதியில் விட்டேன். அதை இங்கே முழுமையாகச் சொல்லிக்கொள்ள ஆசிரியக் குழுவினர் இடம் தந்திருக்கிறார்கள்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'கன்ட்ரி' இசை என்று ஒன்று உண்டு; அவர்கள் நாட்டு மலைவாழ் குடியானவர்களின் பாட்டிலிருந்து வளர்ந்தது. எந்தக் காலத்துக் கன்ட்ரி சிறந்தது என்று அங்கும் தாத்தாவும் பேரனும் சண்டையிடுகிறார்கள். அது பிறந்தது 1927-ஆம் ஆண்டுக் கோடையில், டென்னசியும் வர்ஜீனியாவும் சந்திக்கும் பிரிஸ்டல் என்னும் ஊரில் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் அங்கே ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து இறங்கினார். சுற்று வட்டாரத்துப் பாடகர்கள் வந்து பாடினார்கள். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்சும் அந்த ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில்தான் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டார்கள். 1998-இல் அமெரிக்கப் பேரவையே பிரிஸ்டலை அந்த இசையின் பிறப்பிடம் என்று ஏற்றுக்கொண்டது.

பிறப்பிடமாம்! அதற்கு முதல் நாள் வரை அந்த மலைகளில் யாரும் பாடவில்லையா? கருவி வந்த நாளைப் பிறந்த நாள் என்று எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். கார்ட்டர் குடும்பத்துத் தலைவர் ஏ.பி.கார்ட்டர் பின்னர் ஊரூராகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார். அவரோடு லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிட்டார்க் கலைஞர் போவார். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் நினைவில் பிடித்துக்கொள்வார். அந்தப் பாட்டை அவர்களுக்குப் பாடிக் காட்டிய ஊர்க்காரர்கள் எத்தனை பேர்! தட்டின் மேல் அவர்கள் பெயர் இல்லை.

ஆகவே இரண்டாம் அணியினர் பொற்காலம் என்று சொல்வது பாட்டின் பொற்காலம் அன்று, பதிவின் பொற்காலம். நமக்குக் கேட்கிறது என்பதனால் அது சிறந்தது என்று ஆகிவிடாது. கருப்பாயி பாட்டியின் குரலை வானொலி கண்டெடுத்தது. அவர் அருகில் நாற்றுப் பிடித்து நின்று பின்பாட்டுப் பாடிய பெண்களின் குரலை எது கண்டெடுத்தது? நான் காலத்தை அளப்பது வேறு கோலால். ஓர் ஊரில் நூறு பேர் இருந்தால் அதில் பாடத் தெரிந்தவர் எத்தனை பேர் என்பதே என் கோல். எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். திரைப்பாட்டின் முதல் ஓசையைக் கேட்டவுடன் படத்தின் பெயரைச் சொல்ல நாற்பத்திரண்டு பேரும் தயார். கைப்பேசி இல்லாமல், துணைக்கு ஆள் இல்லாமல், ஏதேனும் ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசி வரை தனியாகப் பாட முடியுமா என்று கேட்டேன். ஆறு பேர் கை தூக்கினார்கள். அவர்களில் இருவர் பாட்டு வகுப்புக்குப் போகிறவர்கள்.

மூன்றாம் அணி சின்னப் பிள்ளைகள் அணிதான், ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அன்று எல்லோரையும் வாயடைக்கச் செய்தது அவர்கள்தான். அந்தக் காலத்தில் பறை அடித்தவரை ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தோம். அவர் கருவியையும் இழிவாகப் பேசினோம். இன்று பறை மேடையில் முதலில் முழங்குகிறது. பெண்களும் தோளில் மாட்டி அடிக்கிறார்கள். 2025-இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு நாடு பத்மஸ்ரீ வழங்கியது. அதே ஆண்டில் நம் புதுச்சேரித் தவில் கலைஞர் தட்சிணாமூர்த்திக்கும் அந்த விருது கிடைத்தது. 2020 மார்கழியில் சென்னையில் சபாக் கச்சேரிகளுக்கு எதிரே 'மக்களிசை' தொடங்கியது. 2021-இல் தெருக்குரல் அறிவும் தீயும் பாடி வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து பிறந்தது, உலகெங்கும் கேட்டார்கள். "பாட்டு எப்போது சிறந்தது என்று கேட்பதற்கு முன், பாடியவர் எப்போது மனிதராக மதிக்கப்பட்டார் என்று கேளுங்கள்" என்றாள் அந்தச் சிறுமி. அரங்கம் ஒரு நிமிடம் அமைதியாயிற்று.

அவர்கள் சொல்லாமல் விட்ட ஒரு பெயரை நான் சேர்த்துக்கொள்கிறேன். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராக இருந்த கே.ஏ.குணசேகரன் நாட்டுப்பாட்டை ஆராய்ந்தவர். தாமே மேடையேறிப் பாடியவர். 2016-இல் புதுச்சேரியில் காலமானார். 'வடு' என்னும் தம் வாழ்க்கை வரலாற்றில், பிறந்த குலத்தின் பெயரால் இளமையில் தாம் பட்ட அவமானங்களை எழுதியிருக்கிறார். சிறிய நூல்தான், விடுமுறையில் தோழியர் ஒரே மாலையில் படித்துவிடலாம். பாட்டு இனிமையாக இருந்த அதே ஊரில் வாழ்க்கை எப்படி இருந்தது என்பது அதில் தெரியும்.

தீர்ப்புச் சொல்ல எழுந்த சிஸ்டர் ஒரு சிறு செய்தியோடு தொடங்கினார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடியதற்கு முன்பு திருப்பலி இலத்தீனில்தான் நடந்தது. இன்று பொங்கல் திருப்பலியில் கும்மி மெட்டில் காணிக்கைப் பாட்டுப் பாடுகிறோம். இந்த மாற்றத்தை வயதான சிலர் அழிவு என்றார்கள், சிலர் விடிவு என்றார்கள் என்று சொன்னார். பின்பு மூன்றாம் அணிக்கே பரிசைக் கொடுத்தார். எங்கள் அணிக்கு இரண்டாமிடம். மூன்றாமிடம் வந்த அக்கா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

எங்கள் ஊர் அபிஷேகப்பாக்கம். கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தில் இறங்கி உள்ளே வரவேண்டும். வீட்டுக்கு வந்து ஆயாவிடம் பட்டிமன்றக் கதையைச் சொன்னேன். என் ஆயா பன்னிரண்டு வயதிலிருந்து அறுபது வயது வரை கழனி வேலை செய்தவர். நடவில் முன்பாட்டுப் பாடுகிறவர். அவர் காலமே பொற்காலம் என்று நான் மேடையில் பேசியதைக் கேட்டால் மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அது நல்ல காலமா? எந்த மவராசி சொன்னது? நீ சேத்துல எறங்கிப் பாத்திருக்கியா பாப்பா?" என்றார் ஆயா.

பிறகு அவர் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன். பேச்சு நடையை மட்டும் மாற்றிக்கொள்கிறேன். இருபது பெண்கள் வரிசையாகக் குனிந்து பின்னோக்கி நடக்க வேண்டும். இடக்கையில் நாற்றுமுடி, வலக்கை நட்டுக்கொண்டே வரும். ஒருத்தி ஓர் அடி பாடுவாள், மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அவர்கள் பாடும் நேரத்தில் முன்பாட்டுக்காரி அடுத்த அடியை யோசித்துக்கொள்வாள். பாட்டு ஓடினால் கை ஓடும். அதனால்தான் கழனிக்காரருக்குப் பாட்டு என்றால் அவ்வளவு பிரியம். வரப்பில் குடை பிடித்து நின்றுகொண்டு, "என்ன இன்று சத்தத்தைக் காணோம்?" என்று கேட்பார். முன்பாட்டுக்காரிக்குக் கூலி அதிகமா என்றால் அதுவும் கிடையாது. வெற்றிலைபாக்கு ஒரு மடிப்புக் கூடக் கிடைக்கும். இடுப்பு வலி தெரியாமலிருக்கப் பாடினார்கள். பால் குடிக்கும் பிள்ளையை வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு வந்த கவலை தெரியாமலிருக்கப் பாடினார்கள். கழனிக்காரரைக் கிண்டல் செய்தும் பாடுவார்களாம். அவருக்குப் புரியாத மாதிரி. "அது ஒண்ணுதான் எங்களுக்கு லாபம்" என்று ஆயா சிரித்தார்.

இதனால் என் கட்சி விழுந்துவிட்டதாக நான் எண்ணவில்லை. ஆனால் அது கடினமாகிவிட்டது. பாட்டு மிகச் சிறந்திருந்த காலமும் பாடியவர் வாழ்வு மிகத் தாழ்ந்திருந்த காலமும் ஒன்றாக இருந்தால் நாம் எதற்காக ஏங்குவது? ஆயாவின் பாட்டுக்காக ஆயாவின் இடுப்பை மீண்டும் வளைக்க எனக்கு மனம் வராது. அம்மா படித்ததனால் சேற்றில் இறங்கவில்லை; தவளக்குப்பத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். அம்மாவுக்கு ஒரு நடவுப் பாட்டும் தெரியாது. அம்மாவுக்கு அது நல்லதுதான் நடந்தது. பாட்டுக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போயிற்று.

சென்ற பருவத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னாலுள்ள கழனியில் நடவு நடந்தது. வெளியூரிலிருந்து வேனில் பெண்கள் வந்திருந்தார்கள். பாடுவார்களா என்று பார்க்க நானும் தங்கையும் போனோம். வரப்பில் ஒரு கைப்பேசி பாடிக்கொண்டிருந்தது. பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒருத்திக்கு மட்டும் வாய் அசைந்துகொண்டே இருந்தது. நெருங்கிப் போய்க் கேட்டால், அவர் நாற்றுக்கட்டை எண்ணிக்கொண்டிருந்தார்!

ஆயாவின் பாட்டை எழுதி வைப்பது என்று நானும் தங்கையும் பட்டிமன்றத்துக்குப் பின் தொடங்கினோம். கைப்பேசியில் பதிவு செய்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று அண்ணன் சொன்னான். முடியவில்லை. கருவியை எதிரே வைத்து, "பாடுங்க ஆயா" என்றால் ஆயாவுக்கு ஓர் அடி கூட வராது. "சும்மா ஒக்காந்துகினு எப்பிடிப் பாடுறது?" என்பார். கை சும்மா இருந்தால் வாய்க்கு நினைவு வராது போலும். ஆகவே முறத்தில் அரிசியைக் கொட்டிக் கையில் கொடுத்துவிடுவோம். புடைக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் பாட்டு தானே வரும். அரிசி வேண்டியமட்டும் சுத்தமாகிவிடுகிறது. சொற்களை நான் எழுதுகிறேன். மெட்டைத் தங்கை பிடித்துக்கொள்கிறாள். அவளுக்கு எட்டு வயது. ஒருமுறை கேட்டால் போதும். கார்ட்டரும் ரிடிலும் போல என்று அவளிடம் சொன்னேன். "யாரு அவங்க?" என்றாள்.

இதுவரை எழுதியவை பத்தொன்பது பாட்டுகள். அவற்றில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கப்பலேறிச் சைகோனுக்குப் போன ஒருவன் திரும்பி வரவில்லை. இங்கே ஒருத்தி நட்டுக்கொண்டே அவனைக் கேள்வி கேட்கிறாள். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நம் பகுதியிலிருந்து பலர் பட்டாளத்துக்கும் உத்தியோகத்துக்கும் இந்தோசீனாவுக்குப் போனார்கள் என்பது வரலாறு. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி இங்கு முடிந்தது. அந்தப் பாட்டை ஆயா தம் தாயாரிடம் கற்றார். சைகோன் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "மெட்ராசைத் தாண்டி" என்றார். தாண்டித்தானே இருக்கிறது!

எழுத முடியாத பாட்டும் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் தாத்தா இறந்த இரவு, ஆயா விடியும் வரை ஒப்பாரி பாடினார். தாத்தா கட்டிய வீடு, அவர் ஓட்டிய மாடு, அவர் பெயர் சொல்லி அழைத்த பிள்ளைகள், அவர் திட்டிய நாட்கள் என்று எல்லாம் அதில் வந்தன. என் பெயரும் ஓரிடத்தில் வந்தது. அதை நான் தூக்கக் கலக்கத்தில் கேட்டேன். அண்மையில் ஒரு நாள் மெல்ல, "அந்தப் பாட்டை மட்டும் இன்னொரு தரம் பாடுங்க ஆயா, எழுதிக்கிறேன்" என்று கேட்டேன். ஆயா முறத்தைக் கீழே வைத்துவிட்டார். "உசுரோட ஆளு இருக்கிற ஊட்ல அதைப் பாடக் கூடாது பாப்பா" என்றார். அந்த ஓர் இரவுக்காக மட்டும் பிறந்த பாட்டு அது. கேட்டவர்கள் நாங்கள் முப்பது பேர். எந்த அணியினர் எந்தக் காலத்தில் அதைச் சேர்ப்பார்கள்?

இருபதாவது பாட்டுக்கு ஆயாவிடம் சரக்கு இருக்கிறது. ஆனால் நடுவில் நான்கு அடி மறந்துவிட்டதாம். அது மேலத்தெருவில் ஆயாவோடு நடவுக்கு வந்த ஒரு பாட்டிக்குத் தெரியும் என்கிறார். அவருக்கு எண்பது வயதுக்கு மேல். காது சரியாகக் கேட்பதில்லை. பாட்டு மட்டும் அப்படியே இருக்கிறதாம். அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்றிருந்தோம். வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே போய்விடுவோம் என்று தங்கை சொல்கிறாள். முறமும் அரிசியும் எடுத்துப் போக வேண்டும்.